அரங்கத்துக்கு வேண்டிய அவகாசம்

பழைய கட்டடங்களின் சுவரையும் தளத்தையும் செப்பனிடுவதே பரம்பரை ஜீவனோபாயமாக அமைந்த குடும்பத்தில் பிறந்து, திருமுல்கேரியிலேயே வளர்ந்து, அந்தத் தொழிலிலேயே தலை நரைத்த எனக்கு, ஓர் ஊரார் தங்கள் பழைய நாடக அரங்கத்தை இடிபாட்டிலிருந்து மீட்கப் புறப்பட்டார்கள் என்ற செய்தி எத்திசையிலிருந்து வந்தாலும் மனம் பூரித்துப் போகிறது. அதே சமயத்தில் ஒரு கவலையும் கூடவே எழுகிறது. அம்மாதிரி நற்காரியத்தில் இறங்குகிறவர்கள் பணத்தைப் பற்றி எவ்வளவு சிந்திக்கிறார்களோ அதில் நாலில் ஒரு பங்குகூடக் காலத்தைப் பற்றிச் சிந்திப்பதில்லை என்பதை நான் நெடுங்காலமாகக் கண்டு வந்திருக்கிறேன். ஜீரணோத்தாரணத்துக்கு முதல் திரவியம் அவகாசம். பொன்னும் பொருளும் அதற்கு அடுத்தபடிதான். இந்த ஒன்றைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மூன்றாம் நிஜாமாகிய சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806ஆம் ஆண்டு முதல் செகந்தராபாத் என்று வழங்கிவரும் ராணுவக் குடியிருப்பின் வடபாகத்தில் இருப்பது எங்கள் திருமுல்கேரி. சென்னை ராஜதானிப் படை இங்கே வந்து தங்கியபோது, அதைப் பின்பற்றிச் சிப்பாய்களும் கணக்கர்களும் வண்டிக்காரர்களும் சமையற்காரர்களும் கொத்தர்களுமாகத் தமிழ்க் குடும்பங்கள் அநேகம் வந்து வேரூன்றின. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு, ஆபத்துக் காலத்தில் வெள்ளைக்காரச் சேனையும் அதன் குடும்பங்களும் ஒதுங்கியிருப்பதற்கென்று அகழியும் கற்சுவரும் சூழ்ந்த பெரிய பாசறை ஒன்று இங்கே அமைக்கப்பட்டது. கோட்டையின் தோற்றத்தில் ஒரு ராணுவச் சிறைச்சாலையும், மாதா கோயில்களும், ஆஸ்பத்திரியும், அதிகாரிகளின் பங்களாக்களும் தொடர்ந்து எழுந்தன. அவை யாவும் சுண்ணாம்பால் ஆனவை. ராணுவக் கட்டட இலாகாவில் மேஸ்திரியாக இருந்த என் தகப்பனார் அவற்றில் ஒன்றில்லாவிட்டால் ஒன்றின் சாரத்தின் மேல்தான் எப்பொழுதும் இருப்பார். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நானும் அந்தச் சாரத்தில் ஏறித் தொழிலைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அவரிடம் வேலை செய்த கொத்தர்களில் மூத்தவர் ஒருவர் எனக்குக் குருவாக அமைந்தார். செங்கற்பட்டுப் பக்கத்தவர், எழுத்தறிவு இல்லாதவர், ஆனால் ஒரு கைப்பிடிச் சாந்தை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்த மாத்திரத்தில் அதில் மணல் எவ்வளவு, செங்கற்பொடி எவ்வளவு, சுண்ணாம்பு நீறி எவ்வளவு நாளாயிற்று என்பதைத் தப்பாமல் சொல்லிவிடுவார். நான் கரணையை எடுத்துக்கொண்டு சுவரை நெருங்கும்போதெல்லாம், "தம்பி, பூசறதுக்கு என்ன அவசரம்? சுண்ணாம்பு குடிக்க வேண்டிய தண்ணியைக் குடிச்சு முடிக்கட்டும். அது பசியோட இருந்தா, சுவத்திலே ஏறின பிறகு வெடிக்கும்" என்பார். அந்த வாக்கியத்தில் அடங்கியிருந்த ரசாயன சாஸ்திரத்தைப் பின்னால் புஸ்தகங்களில் படித்தபோது, அவர் சொன்னதற்கு மேல் அவற்றில் அதிகமாக ஒன்றும் இல்லை என்று கண்டேன்.

தக்காணத்தில் சுண்ணாம்புக் கல்லையும், சோழமண்டலக் கரையில் கிளிஞ்சலையும் காளவாயில் இட்டுச் சுமார் 900 டிகிரி உஷ்ணத்தில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அதன்மேல் தண்ணீர் விட்டால் அது கொதித்துப் பொங்கி நீறுகிறது. நீறியதைச் சலித்துக் குழியில் நீரின் கீழே வைத்து மூடிவிட வேண்டும். மாதக்கணக்கில் கிடக்கக் கிடக்க அது வெண்ணெய்ப் பதம் அடைகிறது. சரியாக நீறாத ஒரு சிறு கட்டி கலந்துவிட்டாலும், பூச்சு முடிந்து வெகுநாள் கழித்து ஈரத்தைக் கண்டு விரிந்து, மேற்பூச்சைப் பெயர்த்துத் தள்ளிவிடும். குழியிலிருந்து எடுத்த சுண்ணாம்பை மணலும் செங்கற்பொடியும் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பதப்படுத்திச் சுவரில் ஏற்றுகிறோம். அங்கே அது காற்றிலிருந்து கரியமில வாயுவைச் சிறிது சிறிதாகத் திரும்ப ஏற்று மறுபடியும் கல்லாகிறது. மேற்பரப்பில் தொடங்கி உள்நோக்கி நடக்கிற இந்த மாற்றத்தைத் துரிதப்படுத்த எந்த உபாயமும் இல்லை. ஒரு பூச்சு இறுகாமல் மறு பூச்சு ஏற்றலாகாது. ஹைதராபாத்தின் சித்திரை வெயிலில் அது இறுகுமுன் உலர்ந்துவிடாதபடி ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக் காக்க வேண்டும். மழைக்காலத்தில் வெளிச்சுவரைத் தொடாமலே இருக்க வேண்டும். ஆகவே சுண்ணாம்பு வேலைக்காரனின் பஞ்சாங்கத்தில் வேலை செய்யும் நாட்களுக்குச் சமமாகக் காத்திருக்கும் நாட்களும் உண்டு. 1591ஆம் ஆண்டில் எழுந்த சார்மினாரின் உச்சி வரை ஓடுகிற நுட்பமான பூவேலை, இவ்விதம் காத்திருக்கத் தெரிந்த கைகளின் சிருஷ்டியே ஆகும்.

நான் தொழிலில் தலையெடுத்த காலத்தில் சிமென்ட் எங்கும் பரவிவிட்டது. சில மணி நேரத்தில் இறுகி, 28 நாளில் தன் பலத்தின் பெரும்பகுதியை அடைந்துவிடும் அந்தப் பொருளின் சௌகரியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். புதிய கட்டடங்களுக்கு அது பெரிய வரம். ஆனால் நூறாண்டுக்கு முற்பட்ட செங்கற்சுவரின்மேல் அதை அப்புவது கேடு. பழைய செங்கல் மிருதுவானது. தரையின் ஈரத்தை உறிஞ்சி மேலேற்றும் இயல்புடையது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைத் தன் வழியே வெளியே விட்டுவிடும். சிமென்ட்டுப் பூச்சு அதைத் தடுத்து நிறுத்திவிடும். தடைப்பட்ட ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு சுவருக்குள்ளேயே உலவி, செங்கல்லின் உள்ளே உப்புப் பூத்து, மேலே வழுவழுப்பாகத் தோன்றும் பூச்சுக்குப் பின்னால் கல் முழுவதும் மாவாய் உதிர்கிறது. இந்தக் கண்டோன்மென்ட்டில் அப்படிப்பட்ட சுவர்களை எத்தனையோ தடவை தட்டிப் பார்த்து, அந்த உள்ளீடற்ற ஓசையைக் கேட்டு வேதனைப்பட்டிருக்கிறேன். குத்தகை ஒப்பந்தத்தில் குறித்த தேதிக்குள் முடிக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஒன்றுதான் அநேகமாக எல்லா இடத்திலும் சுண்ணாம்பின் ஸ்தானத்தில் சிமென்ட்டைக் கொண்டுவந்து வைத்தது.

எங்கள் செகந்தராபாத்தில் அரங்கங்களுக்கும் திரைப்படக் கொட்டகைகளுக்கும் ஒரு காலத்தில் குறைவில்லை. அவற்றில் பல மறைந்தன. பாரடைஸ் தியேட்டரை ஒட்டி 1953ஆம் ஆண்டில் தோன்றிய சிற்றுண்டிச் சாலை பிற்காலத்தில் பிரியாணியால் பெரும் புகழ் பெற்றது, தியேட்டர் போய்விட்டது, அதன் பெயர் மாத்திரம் நாற்சந்திக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் நிலைத்திருக்கிறது. தப்பிப் பிழைத்த பொது இடங்களுள் எனக்கு மிகவும் பிரியமானது மஹபூப் கல்லூரி. 1862ஆம் ஆண்டில் சோமசுந்தரம் முதலியார் என்ற தமிழர் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. 1893ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி, அமெரிக்கப் பயணத்துக்கு முன்னால் விவேகானந்தர் அங்கே தம் மேலைநாட்டு யாத்திரையின் நோக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நான்காண்டுகள் கழித்து, அந்த யாத்திரையை முடித்துக்கொண்டு உலகப் புகழோடு திரும்பிய அவர், 1897ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் பேசிய மண்டபங்களுள் ஒன்று விக்டோரியா பப்ளிக் ஹால். எங்கள் ஊரில் அவர் பிரகடனம் செய்த நோக்கத்தின் பலனைச் சென்னை ஜனங்கள் அந்த மண்டபத்தில் கேட்டறிந்தார்கள். இந்தச் சம்பந்தத்தை என் தகப்பனார் சிறு வயதிலேயே எனக்குச் சொல்லியிருந்தபடியால், சென்னைக்கு ரயிலில் சென்று சென்ட்ரல் நிலையத்தை விட்டு வெளியே வரும்போதெல்லாம், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ரிப்பன் மாளிகைக்கு அருகே நிற்கும் அந்தச் செங்கற் கட்டடத்தை நின்று பார்க்காமல் நான் மேலே நடந்ததில்லை.

அது ஊரார் கட்டிய மண்டபம். 1880களின் தொடக்கத்தில் சென்னைப் பிரமுகர்கள் கூடி, பட்டணத்துக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதற்கென்று ஒரு கமிட்டி ஏற்பட்டது. ராஜாக்களும் ஜமீன்தார்களும் வியாபாரிகளும் நன்கொடை அளித்தார்கள். பீப்பிள்ஸ் பார்க்கின் நிலத்திலிருந்து 57 கிரவுண்டு, கிரவுண்டுக்கு எட்டணா என்ற சொற்ப வாடகையில் 99 ஆண்டுக் குத்தகையாக விடப்பட்டது. 1883ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அஸ்திவாரக்கல் நாட்டினார். மாநிலக் கல்லூரியையும் செனட் ஹவுஸையும் திருவனந்தபுரத்து நேப்பியர் மியூசியத்தையும் வகுத்த ராபர்ட் சிஸம் இதற்கும் வரைபடம் தயாரித்தார். சென்னையின் பெரிய கட்டடங்கள் பலவற்றைக் கட்டியெழுப்பிய நம்பெருமாள் செட்டியார் கட்டினார். விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டாகிய 1887ஐ ஒட்டி அந்தப் பெயர் வந்தது. செங்கற்சுவரும், வளைவுகளைத் தாங்கிய தூண்வரிசையும், கேரளத்துக் கூரைகளை நினைவூட்டும் கூம்புக் கோபுரமும் ஓரிடத்தில் கூடியிருந்தும் ஒன்றோடொன்று பிணங்காமல் நிற்பது அந்தச் சிற்பியின் மேதை. தீர்மானத்துக்கும் திறப்புக்கும் இடையே ஐந்தாறு ஆண்டுகள் சென்றன. அந்த அவகாசத்தைப் பற்றி அன்றைய நகரத்தார் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை; தங்கள் பேரப் பிள்ளைகளுக்காகக் கட்டுகிறோம் என்ற உணர்ச்சி அவர்களுக்கு இருந்தது.

அந்த மேடையில் தமிழ் நாடகத்துக்கு விளைந்த நன்மையின் தொடக்கம் தெலுங்கு மேடையிலிருந்து வந்தது என்பது, இரு மொழிகளுக்கும் நடுவே வாழும் என் போன்றவனுக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி தருகிறது. 1891ஆம் ஆண்டில் பெல்லாரியிலிருந்து சரச வினோதினி சபை சென்னைக்கு வந்து, விக்டோரியா பப்ளிக் ஹாலில் தெலுங்கு நாடகங்களை நடத்தியது. தர்மவரம் ராமகிருஷ்ணமாசார்யுலு போன்ற கல்விமான்கள் எவ்விதக் கூச்சமும் இன்றி அரிதாரம் பூசி நடிப்பதைக் கண்ட பம்மல் சம்பந்தம் என்ற பதினெட்டு வயது இளைஞர், படித்தவர்கள் நடிக்கலாகாது என்று அதுவரை தாம் கொண்டிருந்த அபிப்பிராயத்தை அடியோடு மாற்றிக்கொண்டார். அவ்வாண்டு ஜூலை மாதம் முதல் தேதியே அவரும் அவருடைய நண்பர்களும் சுகுண விலாச சபையை ஸ்தாபித்தார்கள். பிற்காலத்தில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் உத்தியோகம் வகித்தபோதும் அவர் மேடையை விட்டு விலகவில்லை. 'மனோகரா' முதலாக அவர் எழுதிய நாடகங்கள் பலவற்றின் வாழ்வு இந்த மண்டபத்தோடு பின்னியது; பல பத்தாண்டுகள் அச்சபைக்கு இதுவே இருப்பிடம். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. நடிகரின் கண்டத்திலிருந்து புறப்பட்ட குரல், மர காலரியின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்டாக வேண்டும். அந்தக் கடமையில் பாதியை நடிகர் செய்தார். மீதிப் பாதியைச் சுவரும் மரமும் கூரையும் செய்தன. சென்னை ஜனங்கள் சலனப் படத்தை முதன்முதலாகப் பார்த்ததும் 1890களின் பிற்பகுதியில் இந்த மண்டபத்திலேதான்.

இவ்வளவு பெருமை வாய்ந்த இடம் எப்படிச் சீரழிந்தது? எதிரி படையெடுத்து வந்து இடிக்கவில்லை, பூகம்பமும் நேரவில்லை. சபைகள் தங்களுக்கென்று வேறு இடம் தேடிக்கொண்டன. சினிமா வளர்ந்து நாடக ரசிகர்களை இழுத்துக்கொண்டது. வளாகத்தில் கடைகளும் விடுதியும் புகுந்தன. குத்தகைக் காலம் முடிந்தபின் நிலம் யாருடையது, மண்டபத்தை யார் நிர்வகிப்பது என்ற வழக்குகள் நீண்டன. கட்டடம் யாருடைய பொறுப்பு என்று நிச்சயப்படாத ஒவ்வொரு மழைக்காலமும் அதன் ஆயுளைக் குறைத்தது. என் தொழில் எனக்குக் கற்பித்த முதல் பாடம், பழைய கட்டடம் எப்பொழுதும் மேலிருந்து கீழாகத்தான் சாகிறது என்பது. ஓர் ஓடு நகர்கிறது. அந்த இடைவெளியில் மழை இறங்குகிறது. உத்திரத்தின் முனை சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல், மரம் உளுத்துப்போகிறது. சுவரின் தலைப்பில் ஆலஞ்செடி முளைத்து வேரை விடுகிறது. ஓட்டை நகர்த்தி வைக்க ஓர் ஆள் ஒரு பகல் வேலை செய்திருந்தால் போதும். அதைச் செய்ய ஏவுவதற்கு உரிமையுள்ளவர் ஒருவர் இல்லாத காரணத்தால், ஒரு பகலில் முடிந்திருக்க வேண்டிய காரியம் ஒரு தலைமுறைக்குப் பின்னால் கோடிக்கணக்கான ரூபாய்ச் செலவாக வந்து நிற்கிறது. நான் பார்த்துப் பார்த்து ஏங்கிய காலத்தில் அந்த மண்டபத்தின் கதவு சாத்தியே கிடக்கும். பக்கத்தில் மெட்ரோ ரயிலுக்காகப் பூமியைத் தோண்டிய காலமும் ஒன்று வந்தது. நூற்றாண்டு கடந்த அந்தச் சுவர்கள் அதையும் பொறுத்துக்கொண்டு நின்றன.

பத்திரிகைகளில் எழுதியவர்களும், சரித்திர ஆர்வலர்களும், நாடகக்காரர்களும் விடாமல் குரல் கொடுத்தார்கள். மாநகராட்சி கட்டடத்தைத் தன் பொறுப்பில் ஏற்றது; கடைசியில் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின் கீழ் ரூ. 32.62 கோடி மதிப்பில் 2023ஆம் ஆண்டில் திருப்பணி தொடங்கியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அடைந்த ஆனந்தம் கொஞ்சமல்ல. ஒரு நாடக அரங்கத்தைச் செப்பனிடுவதில், பங்களாவையும் மாதா கோயிலையும் செப்பனிடுவதில் இல்லாத விசேஷச் சிரமங்கள் உண்டு என்பதை அறிந்தவன் ஆகையால், அதைப் பற்றி இங்கே சிறிது விரித்துச் சொல்வது பொருந்தும்.

அரங்கத்தின் கூரை நீண்ட இடைவெளியை நடுத்தூண் இன்றித் தாண்ட வேண்டியது. ஆகவே கூரைச் சட்டங்களைப் பரீட்சிப்பதே முதல் காரியம். ஒவ்வொரு மரத்தையும் சுத்தியால் தட்டியும் ஊசியால் குத்தியும் பார்த்து, உளுத்த முனையை மாத்திரம் அறுத்தெடுத்து, அதே ஜாதித் தேக்கில் ஒட்டு வைத்து இணைக்க வேண்டும்; முழு உத்திரத்தையும் கழற்றி எறிந்துவிட்டு இரும்பைப் போடுவது சுலபம், ஆனால் கூரையின் பாரம் சுவரில் இறங்கும் விதமே மாறிவிடும். மெட்ராஸ் டெரஸ் என்று எங்கள் தொழிலில் வழங்கும் தளம் இருக்குமானால், தேக்குச் சட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகக் கோணவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடுக்காய் நீரைத் தெளித்துக்கொண்டே மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்க வேண்டும். கட்டை எழும்பித் துள்ளுகிற நாதம் வந்த பிறகே தளம் பதமாயிற்று என்று அறியலாம். அடுத்தது ஒலி. காரைச் சுவரையும் மரத்தட்டியையும் எடுத்துவிட்டுக் கெட்டியான சிமென்ட்டும் பளபளப்பான வர்ணமும் ஏற்றினால், குரல் சுவரில் மோதி மீண்டும் மீண்டும் திரும்பி வந்து, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலுள்ள பிரிவை அழித்துவிடுகிறது. பிறகு எத்தனை ஒலிபெருக்கி வைத்தாலும் அந்தப் பழைய தெளிவு வராது. மேடைப் பலகையின் கீழே உள்ள வெற்றிடம்கூட ஒலிக்கு உதவுவது. அதை மண் கொட்டி மூடுகிறவர்களைக் கண்டால் கைகூப்பி வேண்டிக்கொள்வதே என் வழக்கம்.

எல்லாவற்றுக்கும் மேற்பட்டது தீ. மரமும் துணியும் மின்சாரக் கம்பியும் கூடியிருக்கும் இடம் நாடக அரங்கம். கோலாப்பூரில் சாகு மகாராஜா கட்டி, 1915ஆம் ஆண்டில் திறந்துவைத்த அரங்கம், பிற்காலத்தில் சங்கீத நடிகர் கேசவராவ் போஸ்லேயின் பெயரைத் தாங்கியது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் தேதி இரவு, அந்தக் கலைஞரின் பிறந்த நாளுக்கு முந்திய இரவில், அது தீக்கிரையாயிற்று. மறுநாள் காலையில் அவ்வூர்க் கலைஞர்கள் கருகிய கட்டடத்தின் முன்னே கூடிக் கண்ணீர் விட்டார்கள். பழைய வடிவத்திலேயே அதை மறுபடியும் எழுப்ப வேண்டும் என்று கோரினார்கள். அரசாங்கமும் அதற்கு நிதி தருவதாக வாக்களித்தது. ஊரார் உள்ளம் கலங்கி எழும்போது காரியம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த வேகத்தோடு பொறுமையும் சேர வேண்டும்.

பொறுமையின் பலனைக் காட்டும் உதாரணங்களும் உண்டு. சென்னை மண்டபத்துக்குப் பெயர் தந்த பொன்விழா ஆண்டாகிய 1887இல் திறக்கப்பட்டது சிம்லாவின் கெயிட்டி தியேட்டர். வகுத்தவர் ஹென்றி இர்வின். பலவீனமடைந்த மேல் மாடிகள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இறக்கப்பட்டன. பல ஆண்டுகள் நடந்த நிதானமான திருப்பணிக்குப் பிறகு 2009ஆம் ஆண்டில் மீண்டும் திறந்து, இன்றும் நாடகம் நடக்கும் மேடையாக விளங்குகிறது. பம்பாயின் ராயல் ஆபரா ஹவுஸ் 1993இல் மூடப்பட்டு, கட்டடச் சிற்பி ஆபா நாராயண் லாம்பாவின் மேற்பார்வையில் செப்பம் பெற்று, 2016ஆம் ஆண்டு அக்டோபரில் திறந்தது. கடல் கடந்து பார்த்தால், அமெரிக்காவின் அட்லாண்டாவில் 1929இல் எழுந்த ஃபாக்ஸ் தியேட்டரை இடித்துவிட்டு ஒரு டெலிபோன் கம்பெனியின் காரியாலயம் கட்டுவதாக 1970களின் நடுவில் ஏற்பாடாயிற்று. ஊரார் திரண்டு எதிர்த்தார்கள். லாப நோக்கமற்ற ஸ்தாபனம் ஒன்றை அமைத்து, 1975இல் வங்கிக் கடன் வாங்கித் தியேட்டரை விலைக்குப் பெற்று, கச்சேரிகளும் நன்கொடைகளுமாக 1978இலேயே கடனை அடைத்தார்கள். அவர்கள் கட்டடத்தைப் பூட்டிவைத்துப் பணம் சேர்க்கவில்லை. நிகழ்ச்சிகளை நடத்திக்கொண்டே பகுதி பகுதியாகப் பழுது பார்த்தார்கள் என்பது என் தொழிலில் உள்ளவர்கள் கவனிக்கத்தக்க சங்கதி.

எங்கள் ஹைதராபாத்திலும் ஜனங்களின் குரலுக்குப் பலம் உண்டு என்பதை நான் கண்கூடாகக் கண்டேன். நவாப் ஃபக்ருல் முல்க் கட்டிய எர்ரம் மன்ஸில் என்ற மாளிகையை அப்புறப்படுத்திவிட்டு அங்கே புதிய சட்டசபை கட்டத் திட்டமிட்டபோது, சரித்திர ஆர்வலர்களும் மாணவர்களும் அந்தக் குடும்பத்தின் சந்ததியாரும் எதிர்த்து நின்றார்கள். 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தது. இடிப்பது நின்றது. ஆயினும் இடிக்காமல் இருப்பதும் காப்பாற்றுவதும் ஒன்றாகிவிடாது. நீதிமன்றம் தடையுத்தரவு தரலாம். நகர்ந்த ஓட்டைத் திருப்பி வைக்க அதனால் இயலாது.

என்னைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய மண்டபம் ஒன்றைக் காக்க விரும்பும் சங்கத்தின் காரியதரிசி வருவார், "ஐயா, மொத்தத்தில் எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார். நான் கணக்குப் போட்டுச் சொல்வேன். அடுத்த கேள்வி, "வருகிற ஆண்டுவிழாவுக்குள் திறந்துவிடலாம் அல்லவா?" என்பதாக இருக்கும். அந்தக் கேள்வியில்தான் கட்டடத்தின் தலைவிதி அடங்கியிருக்கிறது. திறப்பு விழாவுக்குத் தேதி முந்திக் குறித்து, வேலையை அதற்கேற்பச் சுருக்கும்போது, முதலில் பலியாவது சுண்ணாம்பு; அடுத்து, அதைக் கையாளத் தெரிந்த கொத்தர். நல்ல காரை வேலைக்காரர்கள் இன்று அருகிவிட்டார்கள். அவர்களுக்கு வேலை தொடர்ந்து கிடைப்பதில்லை; கிடைக்கும் இடத்தில் அவசரம் அவர்களை விரட்டுகிறது; பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். ஓர் அரங்கத்தின் திருப்பணி மூன்றாண்டு, நாலாண்டு நிதானமாக நடந்தால், அந்தச் சாரத்தின் மேலேயே பத்து இளைஞர்கள் தொழிலைக் கற்றுக்கொள்வார்கள். அடுத்த நூறாண்டுக்கு அந்த மண்டபத்தைப் பராமரிக்கும் கைகள் அவ்விதமே உண்டாகும்.

ஆகவே காரியதரிசிகளிடம் நான் சில விஷயங்களை வற்புறுத்திச் சொல்வதுண்டு. ஒப்பந்தத்தில் மழைக்காலத்தைக் கழித்து மாதங்களைக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே விட வேண்டிய நாட்களை எழுத்திலேயே போட்டுவிடுங்கள். குத்தகைக்காரரும் அப்பொழுது தைரியமாகக் காத்திருப்பார். முதலில் கூரையை மாத்திரம் முடித்து மழையைத் தடுத்துவிட்டால், மற்றவற்றைச் சாவகாசமாகச் செய்யலாம். வேலை நடக்கும்போதே, ஆபத்தில்லாத ஒரு மூலையில் வாரம் ஒரு நாடகமோ பாட்டுக் கச்சேரியோ நடத்துங்கள். ஜனங்கள் உள்ளே வந்து பார்க்கட்டும். நன்கொடை தானாக வரும். சேர்ந்த பணத்தில் ஒரு பங்கைச் செலவழிக்காமல் வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் வைகாசியில் கூரையைப் பார்வையிட ஓர் ஆளை நியமியுங்கள். அந்த ஒரு ஆளின் சம்பளம், பின்னால் வரப்போகும் கோடிகளை மிச்சப்படுத்தும். விக்டோரியா ஹாலை அன்றைய சென்னை நகரத்தார் அரும்பாடுபட்டுக் கட்டினார்கள். அதை வருஷா வருஷம் பார்த்துக்கொள்ளும் அந்த ஆளை மாத்திரம் நிரந்தரமாக ஏற்பாடு செய்யத் தவறிய நாட்களில்தான் அது நலிந்தது. பெரும் பொருட்செலவில் திருப்பணி கண்ட அந்த மண்டபத்தில் சபைகள் நாள்தோறும் நடிக்க வேண்டும் என்பதும், பள்ளிப் பிள்ளைகள் ஒத்திகை பார்க்கச் சொற்ப வாடகையில் அது கிடைக்க வேண்டும் என்பதும் என் பிரார்த்தனை. ஜன்னல்கள் திறந்து காற்று உலாவும் சுவரில் சுண்ணாம்பு ஆரோக்கியமாக இருக்கிறது. பூட்டிய மண்டபத்தில் அது புழுங்கிச் சாகிறது.

இன்னும் ஒன்று உண்டு. நாளையே எந்த ஊராரும் செய்யத்தக்கது. அரங்கத்தைக் காப்பதென்று தீர்மானித்து முதல் கூட்டம் கூடுகிற அன்றே, அனுமதியையும் நிதியையும் தீர்ப்பையும் எதிர்பாராமல், அனுபவமுள்ள கொத்தர் ஒருவரை அழைத்து, அருகே ஒரு குழி வெட்டி, நல்ல சுட்ட சுண்ணாம்பை வாங்கி நீற்றி, சலித்து, நீர் விட்டு மூடிவைத்துவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு கூட்டத்துக்கு அச்சிடும் துண்டுப் பிரசுரச் செலவுக்கு அதிகம் இராது. மனுக்கள் மேஜைக்கு மேஜை நகர்ந்து, நன்கொடைகள் சேர்ந்து, வரைபடங்கள் தயாராகி, சாரம் கட்டும் நாள் வந்து சேர்வதற்குள் ஒன்றிரண்டு ஆண்டுகள் எப்படியும் கழியும். அத்தனை காலமும் குழிக்குள் இருக்கிற சுண்ணாம்பு ஒரு நாளையும் வீணாக்காமல் பக்குவப்பட்டுக்கொண்டே இருக்கும். வேலை தொடங்குகிற அன்று, எந்தக் குத்தகைக்காரரும் விலைக்கு வாங்கித் தர முடியாத உயர்ந்த சரக்கு ஊராரின் கையில் தயாராக இருக்கும்.